விசுவாசித்தால் நித்திய ஜீவன்: கல்லறையில் கேட்டதிலிருந்து ஒரு சந்தேகம்

#1 புரசைக்காரன் (ஞாயிறு, இரவு 9.52)

நான் கிறிஸ்தவன் இல்லை. பிள்ளையாருக்கு விளக்கேற்றுகிற வீடு. நான் அதிலும் அரைகுறை. வியாழக்கிழமை அலுவலக நண்பனுடைய அப்பாவின் அடக்கத்துக்குக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குப் போயிருந்தேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். இத்தனை வருஷம் புரசைவாக்கத்தில் குடியிருந்தும் அந்தச் சுவருக்குள் போனது அதுதான் முதல் தடவை.

பெட்டியை மூடுவதற்கு முன் நண்பனின் அம்மா குனிந்து, "நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாலேயே வர்றேன்" என்றார். ஒப்பாரிக் குரல் இல்லை. கேஸ் அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்கிற மாதிரி ஒரு சாதாரணக் குரல். மூன்று நாளாக அது காதை விட்டுப் போகவில்லை.

சபைப் போதகர் (அவர்கள் ஐயர் என்கிறார்கள்) "என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்" என்று வாசித்தார். வெளியே வரும்போது ஒரு பெரியவர் கையில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார். அதில் யோவான் 3:16. "விசுவாசிக்கிறவன் எவனோ அவன் கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு..." எங்கள் வீட்டில் பால்தான் கெட்டுப்போகும், மனிதன் எப்படிக் கெட்டுப்போவான் என்று யோசித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஒரு விஷயத்தை 'ஆமாம்' என்று ஒத்துக்கொண்டால் முடிவில்லாத வாழ்வு, ஒத்துக்கொள்ளாவிட்டால் இல்லை என்றால், அது என்ன கணக்கு? என் அப்பா தபால் துறையில் இருந்தவர். அடுத்தவர் காசில் ஒரு டீ குடித்ததில்லை. பைபிளைத் தொட்டதும் இல்லை. அவருக்கு என்ன? அப்புறம் உண்மையைச் சொன்னால், முடிவே இல்லாத வாழ்க்கை என்பதே எனக்கு ஆசையாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியமே எனக்கு நீளம்.

#2 தீப்பந்தம்77 (ஞாயிறு, இரவு 10.05)

சகோதரரே, நீங்கள் அந்தக் கல்லறைக்குப் போனது தற்செயல் இல்லை. "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்", அப்போஸ்தலர் 16:31. சிறைச்சாலைக்காரன் கேட்டான், பவுலும் சீலாவும் ஒரே வரியில் பதில் சொன்னார்கள், அன்று ராத்திரியே அவன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்தான். யோசித்துக்கொண்டே இருந்தால் காலம் போய்விடும்.

#3 சந்தேகப் பிராணி (ஞாயிறு, இரவு 10.11)

வந்துவிட்டார். கேள்வி மூன்று, பதில் ஒன்று, அதுவும் 'சீக்கிரம் சேருங்கள்'. தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று துணிக்கடையில் சொல்வதுபோல.

#4 வேப்பேரி வாத்தியார் (திங்கள், காலை 6.20)

தம்பி, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். பிறப்பிலிருந்தே சபையில் இருப்பவன், ஆனால் பிரசங்கி இல்லை. அதனால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் குழப்பத்தில் பாதி, சொல்லில் இருக்கிறது.

'விசுவாசம்' என்றால் அன்றாடத் தமிழில் என்ன? நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். நாய் தன் எஜமானர் இருக்கிறார் என்று 'ஒத்துக்கொள்கிறது' என்றா பொருள்? அவரை விட்டுப் போகாது என்று பொருள். புதிய ஏற்பாட்டில் வருகிற 'பிஸ்டிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் இந்த இரண்டு பக்கமும் உண்டு: நம்புவது, நம்பிக்கைக்கு உரியவராக நிற்பது. திருவிவிலியம் என்ற பைபிள் மொழிபெயர்ப்பு (1995ல் வந்தது) இதை 'நம்பிக்கை' என்று எழுதுகிறது. படிக்க எளிது, ஆனால் நாய் காணாமல் போய்விட்டது என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு.

இன்னொன்று. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் விசுவாசம் என்ற பெயர்ச்சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. வருவதெல்லாம் வினைச்சொல், 'விசுவாசிக்கிறவன்'. அதாவது பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற ஒரு சொத்து இல்லை அது, செய்துகொண்டிருக்கிற ஒன்று. 29சி பஸ் பெசன்ட் நகர் போகும் என்று தெரிந்திருப்பது வேறு, டவுட்டனில் ஏறி உட்காருவது வேறு. யாக்கோபு கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறார்: கடவுள் ஒருவர் என்று பிசாசுகளும் விசுவாசிக்கின்றன, நடுங்குகின்றன. 'ஆமாம்' போடுவதில் பிசாசுக்கு ஒரு குறையும் இல்லை.

இனி 'நித்தியம்'. நீங்கள் பயப்படுவது நீளத்தைப் பார்த்து. கிரேக்கத்தில் 'அயோனியோஸ்'. யுகம் என்று பொருள்படும் 'அயோன்' என்பதிலிருந்து வந்தது. வரப்போகிற யுகத்துக்கு உரிய வாழ்வு என்பது அதன் அடி ஓசை. எவ்வளவு நாள் என்பதோடு, எப்படிப்பட்டது என்பதும் அதற்குள் இருக்கிறது. இயேசுவே ஓரிடத்தில் விளக்கம் சொல்கிறார், யோவான் 17:3. "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்." வருஷக்கணக்கே இல்லை பாருங்கள். அறிவது. கணவனை மனைவி அறிந்திருப்பதுபோல ஓர் அறிவு.

யோவான் 5:24ஐ வாசித்து அதன் காலம் காட்டும் இடத்தில் நில்லுங்கள் (தமிழ் வாத்தியாரிடம் மாட்டினால் இதுதான் கதி). விசுவாசிக்கிறவன் "மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்." உட்படுவான் என்று இல்லை. உட்பட்டிருக்கிறான். செத்த பிறகு தருகிற பென்ஷன் அல்ல, இப்போதே தொடங்கியாகிவிட்டது என்கிறது அந்த வினைமுற்று. அந்த அம்மா அவ்வளவு சாதாரணமாகப் பேசியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். எனக்கு அவரைத் தெரியாது.

'கெட்டுப்போகாமல்' பற்றி: பால் உதாரணம் அவ்வளவு தப்பில்லை. அந்தக் கிரேக்க வினைக்கு அழிந்துபோவது, தொலைந்துபோவது இரண்டும் பொருள். காணாமற்போன ஆடு, காணாமற்போன மகன் கதைகளிலும் அதே வினைதான்.

ஒரு கொசுறு: எங்கள் வேப்பேரியில் இருந்து பைபிளைத் தமிழாக்கியவர் பப்ரிசியஸ் ஐயர். அவருடைய புதிய ஏற்பாடு 1772ல் வந்தது. உங்கள் புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடமே இருக்கிறது. அத்தனை வேலை செய்தவர், கடனில் மாட்டிக் கடைசிக் காலத்தில் சிறைக்கும் போனார். நற்செயல்களை எண்ணிப் பார்த்துத்தான் ஜீவன் என்றால் அவர் கணக்கு எப்படி வருமோ!

#5 சந்தேகப் பிராணி (திங்கள், காலை 9.02)

சார், எழுத்து அருமை. ஆனால் 29சி எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. ஏறி இறங்கினவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். நீங்கள் சொல்கிற பஸ்ஸில் ஏறினவர்கள் யாராவது திரும்பி வந்து 'ஆமாம், பெசன்ட் நகர் போனேன், கடல் பார்த்தேன்' என்று சொன்னார்களா?

#6 வேப்பேரி வாத்தியார் (திங்கள், காலை 9.40)

ஒருவர் திரும்பி வந்தார் என்பதுதான் கிறிஸ்தவம், பிராணி ஐயா. அது நடந்தது என்றால் மற்றதெல்லாம் நிற்கும், நடக்கவில்லை என்றால் எங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே 1 கொரிந்தியர் 15ல் எழுதிவிட்டார். அதை உங்களுக்கு இங்கே நிரூபிக்க என்னால் ஆகாது.

#7 அல்லிக்கேணி (திங்கள், பகல் 1.15)

வெளியாள் மூக்கை நுழைக்கலாமா? நான் திருவல்லிக்கேணி, வைஷ்ணவக் குடும்பம். படித்துக்கொண்டு வரும்போது எங்கள் வீட்டுத் திண்ணைச் சண்டை ஞாபகம் வந்தது. வைஷ்ணவத்தில் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவு. வடகலையார் மர்க்கட நியாயம் என்பார்கள்: குரங்குக் குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலையார் மார்ஜார நியாயம்: பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா கிடந்தால் போதும். விசுவாசம் என்று நீங்கள் சொல்வது குரங்குக் குட்டியின் பிடியா, பூனையின் வாயா? இது தெரிந்தால் பாதிக் கேள்வி முடிந்தது.

அப்புறம், சாகிற நேரத்தில் மகனைக் கூப்பிடுகிறேன் என்று 'நாராயணா' என்று கத்திப் பிழைத்த அஜாமிளன் எங்களிடம் உண்டு. உங்களிடமும் சிலுவையில் ஒரு திருடன் உண்டே?

#8 வேப்பேரி வாத்தியார் (திங்கள், மாலை 5.30)

அல்லிக்கேணி ஐயா, உங்களுக்கு ஒரு காபி கடன்பட்டேன். எங்களுக்குள்ளேயும் அதே சண்டை, பெயர்தான் வேறு. 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள். இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு' என்று எபேசியர் 2:8. புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரின் பரம்பரை பூனைக் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

திருடன் கதை லூக்கா 23ல். அவனுக்கு ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, சபைச் சந்தா இல்லை, திருந்தி வாழக் கால அவகாசமும் இல்லை. கைகால் ஆணியில். கேட்டது ஒன்றே, 'என்னை நினைத்தருளும்'. வந்த பதில், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." அதில் 'பரதீசு' என்ற சொல்லைவிட 'என்னுடனேகூட' என்பதுதான் எனக்குப் பெரிது.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. பிறவிச் சுழலிலிருந்து விடுபட்டு, உடம்பைக் கழற்றிப் போடுவது எங்கள் நம்பிக்கை இல்லை. விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் சொல்வது 'சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும்'. உடம்பும் சேர்த்தி. கல்லறையில் பெட்டியை இறக்குவதை விதைப்பதாகச் சொல்வது பவுலின் பேச்சு: அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்.

#9 சாந்தோம்காரி (திங்கள், இரவு 8.45)

வாத்தியார் ஐயா, லூதரைப் பூனை ஆக்கிவிட்டீர்கள், எங்களைக் குரங்காக்கப் போகிறீர்களா? :-)

கத்தோலிக்கப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். 1522ல் லூதர் ஜெர்மனில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது மனிதன் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்கிற ரோமர் 3:28ல் 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். மூலத்தில் அது இல்லை. பைபிளில் விசுவாசமும் 'மாத்திரம்' என்பதும் ஒட்டி வருகிற இடம் யாக்கோபு 2:24. அங்கே 'விசுவாசத்தினாலே மாத்திரமல்ல' என்று மறுப்பாக வருகிறது! அதற்காக நாங்கள் புண்ணியம் சேர்த்துச் சொர்க்கம் வாங்குகிறோம் என்று நினைக்காதீர்கள். தொடக்கம் அருள்தான் என்று எங்கள் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கமே 1547ல் சொல்லியிருக்கிறது. 1999 அக்டோபர் 31ல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் இந்த விஷயத்தில் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மெதடிஸ்டுகள் 2006ல் சேர்ந்தார்கள். சண்டை இன்னும் தீராதது இந்த மாதிரி இழைகளில்தான்.

என் பாட்டி பழைய ஜெபத்தில் 'நித்திய சீவியம்' என்பார். இப்போது பூசையில் 'நிலைவாழ்வு'. பாட்டிக்கு அது ஏதோ இன்ஷூரன்ஸ் பெயர் மாதிரி இருக்கிறதாம்.

புரசைக்காரன் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு உறவு உண்டு. எங்கள் பேராலயத்தில் இருப்பது தோமாவின் கல்லறை. கி.பி. 72ல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. அவரைச் 'சந்தேகத் தோமா' என்று எல்லாரும் ஒதுக்குவார்கள், ஆணித் தழும்பில் விரலைப் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றாரே அதற்காக. ஆனால் அதற்கு முன்பே அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், யோவான் 14ல். கடைசி இராவுணவு. 'நான் போகிற இடம் உங்களுக்குத் தெரியும், வழியும் தெரியும்' என்கிறார் இயேசு. மற்ற சீடர்கள் புரிந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். தோமா மட்டும், ஆண்டவரே, நீர் எங்கே போகிறீர் என்றே தெரியாது, வழி எப்படித் தெரியும் என்று போட்டு உடைக்கிறார். 'வழியும் உண்மையும் வாழ்வும் நானே' என்பது அந்தக் கேள்விக்கு வந்த பதில். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நமக்கு அந்த வசனமே கிடையாது. பயப்படாமல் கேளுங்கள்.

#10 தீப்பந்தம்77 (திங்கள், இரவு 9.10)

சகோதரி, கூட்டுப் பிரகடனம் எல்லாம் மனுஷர் போட்ட கையெழுத்து. மரித்த ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் என்கிற உத்தரிக்கிற ஸ்தலம், மரித்தவர்களுக்காகப் பூசை, இதெல்லாம் வேதத்தில் எங்கே? நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினால் யாருக்கு ஜீவன் கிடைக்கும்?

#11 சாந்தோம்காரி (திங்கள், இரவு 9.14)

நவம்பர் 2 அன்று காசிமேட்டுக் கல்லறைக்கு வந்து பாருங்கள். எங்கள் தாத்தாவின் கல்லறைக்குப் பூப்போடுகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் சபைக்குப் போய்விட்ட என் பெரியம்மா பிள்ளைகள்தான்.

#12 மட்டுறுத்துநர் (திங்கள், இரவு 9.31)

உத்தரிப்பு பற்றிய 14 பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே கேட்ட கேள்விக்கு மட்டும் பேசுங்கள்.

#13 இரவுப்பணி (செவ்வாய், அதிகாலை 4.05)

செவிலியர். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

எங்கள் வார்டில் ஒரு பாட்டி இருந்தார். கல்லீரல் புற்றுநோய். முந்தானை நுனியில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை முடிந்து வைத்திருப்பார், காணிக்கைக்கு. உடை மாற்றும்போதெல்லாம் அந்த முடிச்சைப் பத்திரமாக அடுத்த புடவைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் வந்து ஜெபித்துவிட்டு, 'உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் வரவில்லை' என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு பாட்டி தூங்கவில்லை. இரண்டு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நோய்க்கு நான் பயப்படல. விசுவாசம் பத்தலன்னா அங்கேயும் உள்ள விடமாட்டாங்களே" என்றார்.

நாற்பது வருஷமாகக் கோயிலுக்குப் போனவர் அவர்.

எனக்கு இறையியல் தெரியாது. மாற்கு 9ல் அந்தப் பையனின் அப்பா சொல்கிற வரி மட்டும் தெரியும். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அதைச் சொன்னேன். அந்த ஆளைக் கர்த்தர் திருப்பி அனுப்பவில்லை பாட்டி, பையனும் சுகமானான் என்றேன். இரண்டு மூன்று முறை என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம் சலைன் மாற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தூங்கியிருந்தார். வெறும் தூக்கம்தான். அவர் போனது அதற்குப் பத்து நாள் கழித்து.

தீப்பந்தம் அண்ணா, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் எத்தனை கிராம் விசுவாசம் என்று தராசு வைத்தால், இலவசம் என்று சொன்னதை மறுபடி விலைக்கு விற்கிறோம்.

#14 தீப்பந்தம்77 (செவ்வாய், காலை 7.48)

சிஸ்டர், அந்தப் பாட்டியிடம் அப்படிச் சொன்னவர் தப்பு செய்தார். எங்கள் பக்கம் இப்படி நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கடுகு விதையளவு போதும் என்றுதான் ஆண்டவர் சொன்னார்.

#15 சந்தேகப் பிராணி (செவ்வாய், காலை 8.15)

இந்த இழையில் நான் முதல்முறையாக லைக் போட்டது தீப்பந்தத்துக்கு. உலகம் முடியப்போகிறது போலிருக்கிறது.

ஆனால் புரசைக்காரனின் தபால் துறை அப்பாவை எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். அதற்குப் பதில் என்ன?

#16 வேப்பேரி வாத்தியார் (செவ்வாய், மாலை 6.10)

சுற்றித்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபை 1964ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், இப்படிச் சொல்லியிருக்கிறது: தன் குற்றம் இல்லாமல் நற்செய்தியை அறியாதவர், உண்மை மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டுகிறபடி அருளின் துணையோடு நடந்தால், அவரும் மீட்பு அடைய முடியும். எங்கள் பக்கத்தில் பலர் இதை ஏற்க மாட்டார்கள். 'என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்' என்பதைக் காட்டுவார்கள். அந்த வசனத்தை நானும் கிழித்துப்போட முடியாது. அதே சமயம் மத்தேயு 25ல் ராஜாவின் வலதுபக்கம் நிற்கிறவர்கள், 'ஆண்டவரே, நாங்கள் எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?' என்று திகைக்கிறார்கள். யாருக்குச் செய்தோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. அந்த அதிகாரம் முடிகிற சொல்லும் 'நித்திய ஜீவன்'தான்.

என்னை நிறுத்திக் கேட்டால், ஆபிரகாம் கேட்டதுதான் என் பதிலும்: சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ? உங்கள் அப்பாவின் தீர்ப்பு என் கையிலும் தீப்பந்தத்தின் கையிலும் இல்லாதது நல்லதுதான். கிறிஸ்தவன் தனக்கு வந்த அழைப்புக்குப் பதில் சொல்லக் கடன்பட்டவன். அடுத்தவன் தபாலைப் பிரித்துப் படிக்க அவனுக்கு உரிமை இல்லை. தபால்காரரின் மகனுக்கு இது புரியும்.

#17 அல்லிக்கேணி (செவ்வாய், மாலை 6.42)

கடைசி நேரத்தில் நினைவு வருமோ வராதோ என்று இப்போதே சொல்லிவைத்துக்கொண்ட ஆழ்வார் எங்களுக்கு உண்டு. அந்தப் பாட்டி, ஆழ்வார் இரண்டு பேரின் பயமும் ஒன்றுதான் போல. வாத்தியார், காபி எப்போது?

#18 புரசைக்காரன் (சனி, இரவு 10.20)

தாமதத்துக்கு மன்னிக்கவும். வாத்தியார் ஐயா, அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'யாரோ படிச்சவர்' என்றார். அம்மாவிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எனக்கு எல்லாம் சரியாகிவிடவில்லை. மத்தேயு 25ஐயும் யோவான் 14ஐயும் ஒரே தட்டில் வைத்தால் எப்படி நிற்கிறது என்று இன்னும் தெரியவில்லை. சாந்தோம்காரி அக்கா சொன்ன தோமா கேள்வி எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

இன்று மாலை நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா டீ போட்டுக்கொடுத்தார். அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து, கேட்கலாமா கூடாதா என்று இருந்துவிட்டுக் கேட்டே விட்டேன். அன்றைக்குப் பெட்டி பக்கத்தில் அப்படிச் சொன்னீர்களே, எந்த நம்பிக்கையில் சொன்னீர்கள் ஆன்ட்டி?

அவர் கொஞ்சம் யோசித்தார். அப்படிச் சொன்னதே ஞாபகம் இல்லை என்றார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"அது தினம் சொல்றதுப்பா. ஞாயித்துக்கிழமை நான் கறியை அடுப்புல வச்சுட்டுக் கிளம்ப லேட்டாகும். அவர் வாசல்லயே நிப்பார், கோபம் வரும். நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாலேயே வர்றேன்னு அனுப்பிடுவேன். அவர் போய் எனக்கும் சேர்த்து இடம் பிடிச்சு வப்பார். நாப்பத்தாறு வருஷம்."

வேறு விளக்கம் எதுவும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீயில் சர்க்கரை அதிகம்.

#19 சந்தேகப் பிராணி (சனி, இரவு 10.33)

எந்த இடத்தில் பிடிப்பாராம்?

#20 புரசைக்காரன் (சனி, இரவு 10.36)

அதையும் கேட்டேன். இடதுபக்கம் நாலாவது வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே.